மாலை ஓநாய்

மனிதன் விலங்காக உருமாறும் கதை என்றதும், அது சிறுவர்க்குரியது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம் இலக்கிய வட்டங்களில் உண்டு. கூடுவிட்டுக் கூடு பாயும் விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் இருந்து கேட்டுச் சுவைப்போம். விமர்சன அரங்குக்கு மட்டும் அதனை அழைத்து வரமாட்டோம். இவ்வழக்கத்தோடு எனக்குச் சிறிது பிணக்கு உண்டு. அப்பிணக்கை வளர்த்துவிட்டது ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுந்த எகில் சாகா என்னும் உரைநடைக் காவியம்.

இதனை இயற்றியவர் ஸ்னொரி ஸ்டுர்லுசன் எனக் கருதுவோர் பலர். ஆசிரியர் எவராயினும் ஆகுக. முதுமையை அவர் நன்கு அறிந்தவர்.

காவியத் தலைவன் எகிலின் பாட்டனே நான் இங்குப் பேச எடுத்துக்கொண்ட பாத்திரம். 9ஆம் நூற்றாண்டு நோர்வேயில் வாழ்ந்தவனாகச் சொல்லப்படும் அவனுக்கு உல்வ் என்பது பெயர். இளமையில் கடற்போர் புரிந்து பொருள் ஈட்டியவன். பின்னர் நிலத்தோடு அமைந்தவன். வைகறையில் எழுந்து வேலையாட்களிடமும் கைவினைஞரிடமும் சென்று, வயலையும் மாடுகளையும் பார்வையிட்டு, நாடி வந்தோர்க்கு நல்ல யோசனை கூறுவான். பொழுது சாயத் தொடங்கியதும் ஆள் வேறாகிவிடுவான். முகம் கடுக்கும், உறக்கம் வந்து கவியும், எவரும் அவனோடு பேச இயலாது. அவன் உருமாறும் இயல்பினன் என்று ஊரார் பேசிக்கொண்டனர். குவெல்டுல்வ், அதாவது மாலை ஓநாய், என்று அவனுக்குப் பெயர் வழங்கலாயிற்று.

ஊரார் பேசிக்கொண்டனர் என்பதோடு ஆசிரியர் நின்றுவிடுகிறார். உடலில் உரோமம் அடர்ந்ததாகவோ பல் நீண்டதாகவோ ஒரு சொல்லேனும் இல்லை. அந்த மக்களின் பழைய மொழியில் ஹம்ர் என்ற ஒரே சொல் தோலையும் உருவத்தையும் குறிக்கும். அங்குள்ள மாலையும் நம் மாலையன்று. நோர்வேயின் மேற்குக் கரையில் மார்கழிச் சூரியன் பிற்பகல் மூன்றரை மணிக்கே மறைந்துவிடும். நாளில் பெரும்பகுதியை இருளிடம் ஒப்படைத்து வாழ்ந்த மக்கள், இருட்டியதும் மாறிப்போகும் மனிதன் ஒருவனைக் கற்பித்தமை வியப்பன்று.

நோர்வேயை ஒரு குடைக்கீழ்க் கொணர முயன்ற மன்னன் ஹரல்ட், குவெல்டுல்வைத் தன் பணிக்கு அழைத்தான். முதுமையைக் காரணங்காட்டி அவன் மறுத்தான். மூத்த மகன் தொரொல்வ் தந்தையின் அச்சத்தைப் பொருட்படுத்தாது அரண்மனைக்குச் சென்று பெருஞ்சிறப்பு எய்தினான். கோள் சொல்வோர் அச்சிறப்பைப் பொறுக்கவில்லை. ஈற்றில் மன்னனே நேரில் படையோடு வந்து அவனைக் கொன்றான். செய்தி கேட்ட கிழவன் துயராலும் தளர்ச்சியாலும் படுக்கையில் விழுந்தான். பகை முடிக்க வேண்டிய கை முதுமையினால் வலிமை குன்றிக் கிடக்கிறது. உருமாறும் ஆற்றலுக்கு இங்கு ஒரு பயனும் இல்லை. என்னை முதலில் நிறுத்தியது இந்த இடமே.

பின்னர் அவன் எழுந்தது உண்மை. இளைய மகன் ஸ்கல்லகிரிம்மோடு கப்பலேறி, தீவுகளிடையே பதுங்கியிருந்து, மன்னனுடைய ஆட்கள் வந்த மரக்கலத்தைத் தாக்கினான். அது தொரொல்விடமிருந்து பறிக்கப்பட்ட அதே மரக்கலம். வெறி அவனை ஆட்கொண்டது. 50 பேருக்கு மேல் மாண்டனர். கடலிற் குதித்து இறந்தவர்களுள் மன்னனுடைய தாய்மாமன் புதல்வர் இருவர் இருந்தனர்; ஒருவனுக்கு 12 வயது, மற்றவனுக்கு 10. ஹரல்டோ அந்தக் கலத்திலேயே இல்லை. இதனை வெற்றிக் காட்சியாகப் படிப்பவர்கள் அச்சிறுவர்களின் வயதை ஆசிரியர் ஏன் குறித்து வைத்தார் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெறி நிற்கும்வரை இத்தகையோரை எதிர்த்து நிற்க எவராலும் இயலாது, அது தணிந்ததும் வழக்கத்தினும் மெலிந்துவிடுவர் என்று ஆசிரியர் அமைதியாகக் கூறிச் செல்கிறார். ஒரு வைத்தியர் நோயின் போக்கை எடுத்துரைப்பது போன்ற வாக்கியம் அது. கிழவன் மீண்டும் படுத்தான், பின் எழவில்லை.

சமூகமும் இவ்வெறியை நெடுங்காலம் பொறுத்திருக்கவில்லை. கி.பி. 1000 அளவில் கிறித்தவத்தை ஏற்ற ஐஸ்லாந்தின் பழஞ்சட்டத் தொகுதியாகிய கிராகாஸ், போர்வெறி கொள்பவனுக்கு மூன்றாண்டு நாடுகடத்தலைத் தண்டனையாக விதித்தது. அருகில் நின்றும் அவனைப் பிடித்து அடக்காதவர்களுக்கும் அதே தண்டனை. ஒரு காலத்தில் மன்னர்கள் தம் கப்பலின் முன்னணியில் நிறுத்திய வீரன், பிற்காலத்தில் அயலார் பிடித்துக் கட்டவேண்டிய ஆளானான்.

இந்த வடபுல மரபிலிருந்து இன்றைய கற்பனைக் கதைகள் நிறையவே கடன் பெற்றுள்ளன. பழைய நோர்ஸ் இலக்கியத்தில் தோய்ந்த டோல்கீன் 1937இல் ஹொபிட் நூலிலே கரடியாக மாறும் பேயோர்னைப் படைத்தார். அருமையான பாத்திரம்தான், ஆனால் அவன் களைத்து விழுந்ததை நாம் காண்பதில்லை. அவருக்குப் பின் வந்தோரிற் பலர் தோலை எடுத்துக்கொண்டு தளர்ச்சியை விட்டுவிட்டனர். அவர்களிடத்தே உருமாற்றம் வீரனுக்குக் கிடைத்த பரிசு. ஜோர்ஜ் மார்ட்டின் 2011இல் வெளியிட்ட நாவலின் முன்னுரைப் பகுதியில், தன் விலங்குகளுட் சிலவற்றை இழந்து பனியில் சாகும் வரமிர் என்பவனைக் காட்டும்போது மட்டும் பழைய சாகாவின் குளிர் மீண்டும் நம்மைத் தீண்டுகிறது. கற்பனைக் கதையை மாணவர்க்கு அறிமுகஞ்செய்யும் ஆசிரியர்கள் உருமாற்றத்தின் அதிசயத்தோடு நின்றுவிடாது, மறுநாட் காலையில் அம்மனிதன் எவ்வாறு இருந்தான் என்றும் கேட்பாராயின், எது இலக்கியம் என்ற வாதம் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

குவெல்டுல்வ் நோர்வேக்குத் திரும்பவில்லை. ஐஸ்லாந்தை நோக்கிய கடற்பயணத்தில், தான் இறந்தால் பிரேதப் பெட்டியைக் கடலில் இட்டுவிடுமாறும், அது கரையொதுங்கும் இடத்துக்கு அண்மையில் மகன் குடியேற வேண்டும் என்றும் சொல்லி மாண்டான். அவ்வாறே செய்தனர். பெட்டி ஒரு குடாவின் கரையில் ஒதுங்கிற்று. கண்டெடுத்தவர்கள் அதனை அருகிலிருந்த நிலமுனைக்கு எடுத்துச் சென்று மேலே கற்களைக் குவித்தனர். ஸ்கல்லகிரிம் அதற்குச் சற்றுத் தொலைவில் வீடு கட்டி, போர்க் என்று பெயரிட்டான்.