தேடிய தேட்டமா, முதுசமா?

1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் சொத்துக்களை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்துரைக்கின்றது. இப்பாகுபாட்டை ஆய்வுலகிற்குப் பொருத்திப் பார்ப்பின் ஒரு வழக்கு எழுகின்றது. களத்திலே திரட்டப்பட்ட தரவு எவ்வகைச் சொத்து? ஆய்வாளர் பலர் அதனைத் தமது தேடிய தேட்டம் என்றே கருதுகின்றனர். ஒலிப்பதிவுகளும், வினாக்கொத்துகளும், கிணற்றுநீர் அளவீடுகளும் அவர்தம் மடிக்கணினியிலும் மேசை லாச்சியிலும் உறங்குகின்றன. ஆய்வேடு ஏற்கப்பட்டுப் பட்டமும் கிடைத்தபின் அவற்றைத் தேடுவாரில்லை. இப்போக்கு கண்டிக்கற்பாலதாகும்.

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் ஓரிரவில் அழியும் என்னும் பாடத்தை இம்மண் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சேறிப் பரவியிருந்த நூல்களைப் பின்னர் வேறிடங்களிலே தேடிப் பெறலாயிற்று. மறுபிரதியற்ற ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் மீளவேயில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதோடு வெளியேறியபோது வீட்டு அலுமாரிகளில் எஞ்சியவற்றின் கதியும் அத்தகையதே. இவ்வளவுக்குப் பின்னரும் தரவினை ஒரே கணினியில் வைத்திருப்பவரை அறியாதவர் எனல் பொருந்தாது. அலட்சியர் எனலே பொருந்தும்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அது அவருக்கு இயன்றது எதனால்? ஏட்டுப் பிரதிகள் பலவிடங்களிலே தங்கியிருந்தன; வைத்திருந்தோருட் சிலராவது மனமுவந்து கொடுத்துதவினர். பூட்டி வைத்தோரின் ஏடுகள் கறையானுக்கே பயன்பட்டன.

எனின், தரவினை எங்கே ஒப்படைப்பது? ஈண்டு இரு கட்சிகள் உள. உலகப் புகழ் பெற்ற களஞ்சியமே போதும் என்பது ஒன்று. சொந்த மண்ணின் களஞ்சியமே போதும் என்பது மற்றொன்று. இரண்டும் அரை உண்மைகளே. சேர்ன் நிறுவனம் 2013 இல் தொடங்கிய செனோடோ எத்துறைத் தரவையும் கட்டணமின்றி ஏற்று, நிலையான அடையாள எண்ணையும் வழங்குகின்றது. இங்கு தீப்பற்றினும் அங்குள்ள பிரதி அழியாது. ஆனால் ஆங்கில விவரணத்தோடு மட்டும் அங்கு வைக்கப்பட்ட கிணற்றுநீர்த் தரவை, அந்நீரைக் குடிக்கும் அச்சுவேலி விவசாயி எவ்வாறு கண்டறிவார்? மறுபுறம், 2005 இலிருந்து இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தமிழிலேயே தேடிப் பெற வழி செய்துள்ளது. பல்கலைக்கழக நூலகமும் மாணவருக்கு அண்மையிலுள்ளது. எனினும் எந்த ஒரு நிறுவனத்தின் தலையிலும் முழுச்சுமையை ஏற்றுதல் 1981 இன் பாடத்தை மறத்தலாகும். ஆகவே ஒரு பிரதி இங்கும் ஒரு பிரதி கடல் கடந்தும் இருத்தல் வேண்டும். இரண்டிலும் தமிழ் விவரணம் இருத்தல் வேண்டும்.

இதற்கு இரு தடைகள் கூறப்படுவதுண்டு. மற்றொருவர் முந்திக்கொள்வார் என்பது முதலாவது. குறித்த காலம்வரை தரவைத் திறவாது வைக்கக் களஞ்சியங்கள் இடமளித்தலின் இத்தடை நில்லாது. தகவல் தந்தோருக்குத் தீங்கு நேரும் என்பது இரண்டாவது. இது மெய்யானது. போரிலே உற்றாரை இழந்த பெண்ணின் வாக்குமூலத்தைச் சந்தியிலே விரித்து வைத்தல் ஆய்வன்று, துரோகம். ஆனால் ஒப்படைத்தல் வேறு, எல்லார்க்கும் திறத்தல் வேறு. சொன்னவரின் சம்மதம் எவ்வளவோ அவ்வளவே கதவு திறக்கட்டும். வாக்குமூலத்திற்குரிய பூட்டைக் கிணற்றுநீர் அளவீட்டிற்கும் போட்டுவிட்டு அறம் பேசுவோரே ஐயத்திற்குரியவர். சுண்ணாம்புக்கற் பாறையின் மேல், வற்றாத ஆறொன்றுமின்றி, நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் அத்தகைய மறைப்பு வெறும் கஞ்சத்தனமன்று, பொதுக்கேடு.

ஆதலின் துறைகள் ஒரு விதி செய்தல் வேண்டும். தரவு ஈரிடங்களில் ஒப்படைக்கப்பட்டமைக்குச் சான்றில்லாத ஆய்வேடு ஏற்கப்படலாகாது. விரிவுரையாளர் தம் பழைய ஒலிநாடாக்களிலிருந்தே இதனைத் தொடங்குதல் தகும்.

உழைப்பு ஆய்வாளருடையது; அதனை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கரவெட்டியில் ஒரு மூதாட்டி பாடிக்கொடுத்த ஒப்பாரி லாச்சிக்காகப் பாடப்பட்டதன்று. அது முதுசம். முதுசத்தைப் பெற்றவர் அதனை அழியாது அடுத்த உரித்தாளிகளிடம் சேர்ப்பித்தல் கடன்.