தகப்பன் போட்ட கணக்கு

‘அடிதடி கார்ட்டூன்’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் ஒதுக்கிவிடும் ஜப்பானிய அனிமேவில், பெற்றோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. ‘டிராகன் பால் இசட்’ தொடரின் செல் போட்டியில், கோஹான் என்ற சிறுவன் சூப்பர் சயான் 2 ஆக மாறும் இடம் அது. தொண்ணூறுகளில் வந்த தொடர் என்றாலும் இளைஞர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல் என்ற செயற்கை உயிரினம் வெட்டவெளியில் ஒரு மேடை அமைத்து, உலகத்துக்கே சவால் விடுகிறது. யாரும் அதை வெல்லாவிட்டால் மனித குலமே அழியும். நாயகன் கோகு முதலில் மோதுகிறான். நன்றாகவே சண்டையிட்டவன், திடீரென்று தோல்வியை ஒப்புக்கொண்டு, அடுத்து மோதப்போவது தன் மகன் என்று அறிவிக்கிறான். மகனுக்குப் பத்து வயது இருக்கலாம்.

கோகு கண்மூடித்தனமாக இந்த முடிவை எடுக்கவில்லை. வெளியே ஒரு நாள் கழிந்தால் உள்ளே ஓராண்டு ஓடிவிடும் ஓர் அறையில் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்திருந்தார்கள். மகனுக்குள் தன்னைவிடப் பெரிய பலம் இருப்பதை அவன் அங்கேயே கண்டுகொண்டான். அந்தக் கணிப்பு சரிதான். ஆனால் மகனிடம் அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்று, களைத்திருந்த செல்லுக்கு உடம்பைத் தேற்றும் சென்சு விதையையும் கொடுத்துவிடுகிறான்.

மேடை ஏறிய கோஹான், தனக்குச் சண்டையே பிடிக்காது என்று எதிரியிடமே சொல்கிறான். அவன் அடிவாங்க, தகப்பன் கைகட்டி நிற்கிறான். அப்போது பிக்கோலோ வெடிக்கிறான். கோஹானுக்கு நான்கு வயதிலேயே சண்டை கற்றுக்கொடுத்த குரு அவன். “அவன் உன்னைப்போலச் சண்டையை விரும்புகிறவன் அல்ல. நான் இவ்வளவு அடிவாங்கியும் அப்பா ஏன் வரவில்லை என்றுதான் இப்போது நினைத்துக்கொண்டிருப்பான்” என்ற பொருளில் அவன் பேசும்போது, கோகுவின் முகம் மாறுகிறது. அதுவரை அப்படி ஒரு கேள்வி அவன் மனதில் எழவே இல்லை.

என் அக்கா மகனோடு அண்மையில் இதை மீண்டும் பார்த்தேன். பிக்கோலோ வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் என்னைக் கேட்டான்: “மாமா, ஏன் அவங்க அப்பா போகல?” பதினொரு வயதுப் பையனுக்கு உடனே தோன்றியது, உலகத்தின் மாவீரனுக்குத் தோன்றவில்லை.

ஜப்பானிய மொழியில் தகப்பனுக்கும் மகனுக்கும் குரல் கொடுப்பவர் ஒருவரே. மசாகோ நோசாவா என்ற மூத்த நடிகை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கட்டம் இன்னும் கனக்கிறது. ஒரே குரலில் பேசும் இருவர், ஒருவர் மனம் ஒருவருக்குத் தெரியாமல் நிற்கிறார்கள்.

சரி, கோஹானை மாற்றியது எது? நண்பர்களைச் செல்லின் குட்டிகள் அடித்து நொறுக்கும்போதுகூட அவனால் முழுக் கோபத்தை வெளியே விட முடியவில்லை. கடைசியில் அவனிடம் பேசுவது ஓர் இயந்திரம். ஆண்ட்ராய்டு 16. கோகுவைக் கொல்வதற்காக உருவாக்கப்பட்டு, பறவைகளையும் காட்டையும் நேசிக்கத் தொடங்கியவன். உடல் சிதறித் தலை மட்டும் மிஞ்சிய நிலையில், கோஹானின் மென்மை தனக்குப் புரிகிறது என்கிறான். பேச்சுக்குக் கட்டுப்படாதவர்களும் உண்டு, அவர்களை எதிர்ப்பது பாவமில்லை, இனி அடக்கிக்கொள்ள வேண்டாம் என்கிறான். மறுநொடி செல் அந்தத் தலையை மிதித்து நசுக்குகிறது. கோஹான் அலறுகிறான். கண்ணீரோடுதான் அந்தப் புதிய சக்தி வெளிப்படுகிறது.

நான் கவனித்தது இதைத்தான். தகப்பன் மகனின் பலத்தைப் பார்த்தான். இயந்திரம் அவனுடைய தயக்கத்தைப் பார்த்து, அதற்கு மதிப்புக் கொடுத்துப் பேசியது. கதவு திறந்தது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

தொரியாமா இதை வெறும் வெற்றிக் கதையாகவும் முடிக்கவில்லை. எல்லை மீறிய பலம் கைக்கு வந்ததும் அந்தச் சாதுப் பையனே மாறிப்போகிறான். உடனே முடித்துவிடு என்று தகப்பன் கத்தியும், செல் இன்னும் வேதனைப்படட்டும் என்று தாமதிக்கிறான். அதற்குள் செல் தன்னையே வெடிக்கச் செய்ய முனைகிறது. பூமியைக் காப்பாற்ற, கோகு அதைத் தன்னோடு வேறிடம் கொண்டுபோய் உயிரை விடுகிறான். பிறகு திரும்பி வரும் செல்லை, காயம்பட்ட கோஹான் ஒற்றைக் கையால் வீழ்த்துகிறான். ஆனால் அப்பா திரும்பவில்லை.

நம் வீடுகளிலும் கோகுக்கள் இருக்கிறோம். பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்று பூப்பந்து, பரதம், கூடுதல் டியூஷன் என்று அனுப்புகிறோம். திறமை இருக்கிறது என்ற கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா, தோற்றால் நாம் அருகில் இருப்போமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை.

கோஹானுக்குச் சிறுவயது முதலே ஓர் ஆசை இருந்தது. படித்து அறிஞனாக வேண்டும் என்பது. 2022இல் வெளிவந்த ‘டிராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ’ படத்தில் அவன் ஓர் ஆய்வாளன். எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். உலகத்தைக் காப்பாற்றிய பையன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். அந்த ஆசையை நாலு வயதிலேயே அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.