எந்த நாடுன்னு கேக்காதீங்க, எந்தப் பதிவேடுன்னு கேளுங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எங்க ஊர்ப் பக்கம் ஒரே பேச்சுதான். முன்னெல்லாம் "எந்த இன்ஜினியரிங் காலேஜ்?"னு கேப்பாங்க. இப்ப கொஞ்ச வருஷமா "எந்த நாடு?"ன்னு கேக்கறாங்க. பொண்ணுங்களா இருந்தா வெளிநாட்டு நர்சிங். பல்லடம், அவிநாசி, கோபின்னு எங்க போனாலும் அதுக்கு ஒரு போர்டு கண்ணுல படுது. டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இது சாதாரண சேதியா இருக்கலாம். எங்களுக்கு இது காடு விக்கிற சமாச்சாரமுங்க. அதனாலதான் எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வெளிநாடு போறது தப்பில்லை. நர்சிங் படிக்கிறது நல்ல படிப்பு. ஆனா "எந்த நாடு?"ங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "படிச்சு முடிச்சா பொண்ணு பேரு எந்த நர்சிங் கவுன்சில் பதிவேட்டுல ஏறும்?" இதுக்கு எழுத்துல பதில் கிடைக்காம ஒரு ரூபா கட்டக் கூடாது.

கண்ணபுரம் சந்தைக்கு மாடு வாங்கப் போனா நாங்க என்ன பண்ணுவோம்? பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். தென்னங்கன்னு வாங்கப் போனா தாய் மரத்தைக் காட்டுன்னு கேப்போம். நெட்டைக் கன்னு காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், அப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது? இவ்வளவு விவரமா இருக்கிற நாமதான், 40 லட்ச ரூபா படிப்புன்னா பளபளன்னு ஒரு நோட்டீசைப் பார்த்துட்டுத் தலையாட்டிட்டு வர்றோம்.

போன மாசம் எங்க பங்காளி ஒருத்தர் ஒரு ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து திண்ணையில வெச்சார். கனடாவுல ரெண்டு வருஷப் படிப்பு. கீழ்க்காட்டை விக்கறதுக்கு வாய்ப்பேச்சே முடிஞ்சுபோச்சு. லெட்டர்ல நர்சிங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. "ஹெல்த் கேர் மேனேஜ்மென்ட்"னு போட்டிருக்கு. பொண்ணுதான் கேட்டா: "பெரியப்பா, இதைப் படிச்சா நான் ஊசி போட முடியுங்களா?" அந்தக் கன்சல்டன்சிக்குப் போன் போட்டோம். "அங்க போய் மாத்திக்கலாங்க"ன்னு பதில் வந்துச்சு. விதை முளைக்கலைன்னா அடுத்த பட்டத்துல பார்த்துக்கலாம்னு சொல்ற வியாபாரிகிட்ட நாம விதை வாங்குவோமா?

படிச்சவங்க எல்லாம் நர்ஸ் ஆயிட முடியாதுங்க. பதிவு பண்ணினவங்கதான் நர்ஸ். நம்ம ஊர்ல அதுக்குத் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் இருக்கு. இங்கிலாந்துல என்.எம்.சி., ஆஸ்திரேலியாவுல நாடு முழுக்க ஒரே வாரியம், கனடாவுல மாகாணத்துக்கு ஒண்ணு, அமெரிக்காவுல மாநிலத்துக்கு ஒண்ணு. எந்தெந்தக் காலேஜ்ல எந்தெந்தப் படிப்புக்கு ஒப்புதல் கொடுத்திருக்காங்கங்கற பட்டியலை அந்த அமைப்புகளே நெட்டுல போட்டு வெச்சிருக்காங்க. "ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்", "ஹெல்த் கேர் அட்மினிஸ்ட்ரேஷன்" மாதிரிப் படிப்புகள் அந்தப் பட்டியல்ல வராது. அது கெட்ட படிப்புன்னு சொல்லலை. அதைப் படிச்சா நர்ஸ் ஆக முடியாது, அவ்வளவுதான்.

"நர்ஸ் ஆகலைன்னாலும் முதியோர் இல்லத்துல வேலை கிடைக்குமே"ன்னு சிலர் சொல்றாங்க. அந்த வேலைக்கு வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கறதை இங்கிலாந்து 2025 ஜூலை 22-ஆம் தேதியோட நிறுத்திடுச்சு. சட்டம் மாறினா அந்தப் பாதை அடைபட்டுப் போகும். பதிவேட்டுல பேர் இருக்கிற நர்ஸுக்கு ஒரு நாடு இல்லைன்னா இன்னொரு நாடு இருக்கு.

இப்பப் பணத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுல நர்சிங் டிகிரி மூணு வருஷம். கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல போகுது. அதுபோக விசாவுக்கு ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுன்னு 29,710 டாலர் கையில இருக்குன்னு காட்டணும், இது 2024 மே மாசத்துல இருந்து. நம்ம பேங்குல ஈடு இல்லாம கல்விக்கடன் பொதுவா ஏழரை லட்சம் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா சொத்து கேப்பாங்க.

இங்கதான் விவசாயிக்குச் சிக்கல். 2002-ல வந்த சர்ஃபாசி சட்டத்துல, கடன் கட்டலைன்னா பேங்க் நேரா ஜப்தி பண்ற அதிகாரம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. நம்மளைக் காப்பாத்த வெச்ச பாதுகாப்புதான். ஆனா அதனாலயே பல பேங்குல தோட்டத்துப் பத்திரத்தை ஈடா எடுக்கத் தயங்கறாங்க. டவுன்ல மூணு சென்ட் வீடு வெச்சிருக்கிறவருக்குக் கிடைக்கிற கடன், மூணு ஏக்கர் காடு வெச்சிருக்கிறவருக்குக் கிடைக்காது. அப்ப என்ன ஆகுது? வட்டிக்கு வாங்கறாங்க, இல்லைன்னா காட்டை வித்துடறாங்க. வித்த காடு திரும்ப வராதுங்க. அதுல அடுத்த வருஷம் சைட் கல்லு நட்டிருப்பாங்க.

அதனால ரெண்டு மூணு ஏக்கர் வெச்சிருக்கிற எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு நான் சொல்றது ரெண்டு பாதை.

முதல் பாதை, இங்க படிச்சுட்டு அங்க போறது. வேலூர் சி.எம்.சி.யில 1909-லயே நர்சிங் பள்ளி ஆரம்பிச்சாங்க, 1946-ல டிகிரியே வந்துடுச்சு. இப்பக் கோயம்புத்தூரைச் சுத்தியே எத்தனையோ நர்சிங் காலேஜ் இருக்கு. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், அதுக்கு பிளஸ் டூல சயின்ஸ் குரூப் வேணும். ஜி.என்.எம். டிப்ளமோ மூணு வருஷம், அதுக்கு வேற குரூப் படிச்சவங்களும் சேரலாம். முடிச்சு, பதிவு பண்ணி, ரெண்டு வருஷம் நல்ல ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு, ஐ.இ.எல்.டி.எஸ். இல்லைன்னா ஓ.இ.டி. எழுதலாம். அப்பப் போறது கடனோட போற மாணவியா இல்லை, கையில தொழிலோட போற நர்ஸா. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல இருந்து இருக்கு. முதல்ல அங்க விசாரிங்க.

ரெண்டாவது பாதை, ஜெர்மனி. அங்க நர்சிங்கை வேலை செஞ்சுட்டே படிக்கலாம், மூணு வருஷம். 2020-ல வந்த புதுச் சட்டப்படி 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் ஆஸ்பத்திரி வேலை. பள்ளிக் கட்டணம் கிடையாது, மாசாமாசம் உதவித்தொகை வரும். ஆனா மொழி வேணும். பி1, பி2 வரைக்கும் ஜெர்மன் படிக்கணும், அதுக்கே ஒரு வருஷம் ஆகலாம். அந்த ஒரு வருஷத்தைக் குறுக்கு வழியில தாண்ட வெக்கிறேன்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க. நோயாளி நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாப் புரிய வேண்டாமா?

ஏஜென்ட் விஷயத்துலயும் ஒரு சேதி. 1983 எமிக்ரேஷன் சட்டப்படி வேலைக்கு ஆள் அனுப்பறவங்க பதிவு வாங்கியிருக்கணும், சேவைக் கட்டணமா 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். படிக்க அனுப்பற கன்சல்டன்சிக்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆளைச் சேர்த்துவிட்டா காலேஜ்ல இருந்தும் கமிஷன் வரும். அவங்க சொல்றது எல்லாம் பொய்யின்னு இல்லை, ஆனா யார் காசுல பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

எங்க சனத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். கேரளாப் பொண்ணுங்க 1960-கள்லயே மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸா போனாங்க. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம, "நர்ஸ் வேலைக்கா அனுப்பறே, ராத்திரி டூட்டி பார்க்கணுமே, அப்புறம் யார் கட்டிக்குவாங்க?"ன்னு கேட்டுட்டு இருந்தோம். இப்ப ஃபாரின்னு சேர்ந்த உடனே அதே வாய் "பரவால்ல"ன்னு சொல்லுது. உள்ளூர் ஆஸ்பத்திரியில பார்த்தா கேவலம், அதையே லண்டன்ல பார்த்தா கௌரவமா? இந்த வீண் கௌரவம்தான் பாதிப்பேரை இங்க ஜி.என்.எம். சேரவிடாம, பேர் தெரியாத படிப்புக்குக் காட்டை விக்க வெக்குது. பொண்ணுக்கு அந்த வேலையில மனசு இருக்கான்னும் ஒரு தடவை கேளுங்க. சீக்காளிக்கு மலம் எடுத்துப் போடற வேலையும் அதுல இருக்கு. அதைத் தெரிஞ்சே சரிங்கற புள்ளைதான் நிலைக்கும்.

டவுன்ல இருக்கிற உங்ககிட்ட ஒரு உதவி கேக்கறேன். ஊர்ல இருந்து சொந்தக்காரப் புள்ளை யாராவது வாட்ஸ்அப்புல ஆஃபர் லெட்டர் அனுப்பினா, கைதட்டற பொம்மையைப் போட்டுட்டுப் போயிடாதீங்க. பத்து நிமிஷம் உக்காந்து படிப்போட பேர், காலேஜ் பேர், அந்த நாட்டுக் கவுன்சில் பட்டியல் மூணையும் ஒத்துப் பாருங்க. எங்களுக்கு அந்த இங்கிலீஷ் தகராறு, உங்களுக்கு அது சுளுவு. பட்டியல்ல இல்லைன்னா உடனே போன் பண்ணி அப்பன்கிட்டச் சொல்லுங்க. கிரயம் பண்ற தேதிக்கு முன்னாடி சொல்லுங்க.