விழுந்த மரத்தை விறகு விலைக்கு விக்கிற புண்ணியவான்களுக்கு

ரொம்ப நாளா மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டிருக்கிற விஷயம். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறி, நகர மாட்டேன்னு உக்காந்த ராத்திரி. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. பொம்மையார்பாளையத்துல எங்க வீட்டுப் பின்பக்கம் நின்ன வேப்பமரம் வேரோட சாஞ்சுடுச்சு. எங்க ஆயா கல்யாணமாகி வந்த வருஷம் வெச்ச மரம். நான் சென்னையில பொட்டி தட்டிக்கிட்டு, வீட்டுக்கு போன் போகலையேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். நாலாம் நாள் ஊருக்கு வந்து பாத்தா மரம் இருந்த இடத்துல பள்ளம்தான் இருக்கு. விறகு வியாபாரி வந்து, "இடைஞ்சலா கெடக்குதே, நானே எடுத்துக்கறேன்"னு பெரிய மனசு பண்ணி 4,000 ரூபா குடுத்துட்டுப் போயிட்டாராம். செங்கல் சூளைக்கு!

இதோட முடிஞ்சிருந்தாக்கூட பரவாயில்லை. அடுத்த மாசமே அப்பா சாமான் வைக்க ஒரு ஷெட் போட்டார். இரும்பு பைப்பு, தகர ஷீட்டு, கதவுக்கு மரவாடியில வாங்கின வெளிநாட்டு பைன் மரம். மொத்தம் 68,000. அதாவது வைரம் பாஞ்ச வேம்பை எரிக்கக் குடுத்துட்டு, கப்பல்ல வந்த சோப்ளாங்கி மரத்தைக் காசு குடுத்து வாங்கியிருக்கோம். கேட்டா வளர்ச்சியாம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். விழுந்த மரத்தை விக்காதீங்க. விழுந்த இடத்துலயே அறுங்க, காய வைங்க, அதுலயே கொட்டகை போடுங்க.

"சொல்றது சுலபம், செஞ்சு பாரு"ம்பீங்க. செஞ்சுட்டுத்தான் சொல்றேன். அதே புயல்ல சித்தப்பா தோட்டத்துல ஒரு பூவரசும் ரெண்டு தென்னையும் சாஞ்சு கிடந்தது. முதல்ல ஒரு மர அறுவை மில்லுல கேட்டேன். "வீட்டு மரமா? வேணாம் சார், உள்ள ஆணி இருக்கும், பிளேடு போயிடும்"னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. துணிக்கொடி ஆணி, கட்சித் தட்டி ஆணின்னு பூவரசுல மட்டும் ஏழு. நானே புடுங்கினேன். (ஆணி புடுங்குறது நமக்கு ஆபீஸ்லயே பழக்கம்தானே!)

அப்புறம் மரம் வெட்டுற அண்ணன் ஒருத்தரை செயின்சாவோட கூட்டிட்டு வந்தேன். சாதாரண செயினோட பல்லு 30 டிகிரியில தீட்டியிருக்கும், அது குறுக்க வெட்டத்தான் லாயக்கு. நீளவாக்குல அறுக்க 10 டிகிரியில தீட்டின செயின் வேணும். ஒரு அலுமினிய ஏணியை மரத்து மேல தண்டவாளம் மாதிரி கட்டி, அது மேல மெஷினை ஓட்டினா முதல் பலகை நேரா வரும். அடுத்ததெல்லாம் அந்த அறுத்த முகத்து மேலயே ஓட்டிக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்கும் கால் அங்குலத்துக்கு மேல தூளாப் போகும், உண்மைதான். மிச்சம் நம்ம கையில நிக்குதே!

நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். சீக்கிரம் காயட்டும்னு முதல் லோடு பலகையை மொட்டை வெயில்ல பரப்பினேன். ரெண்டே வாரத்துல அப்பளம் மாதிரி முறுக்கிக்கிச்சு. தச்சு வேலை பாக்குற பெரியவர் வந்து பாத்துட்டு, "மரத்தைக் காய வைக்கணும் தம்பி, கருவாடு போடக் கூடாது"ன்னார். அப்புறம்தான் நிழல்ல, காத்து வர்ற இடமா, பலகைக்குப் பலகை ரீப்பர் துண்டு வெச்சு அடுக்கி, ரெண்டு முனையிலயும் பெயிண்ட் அடிச்சு, மேல பாரம் ஏத்தினேன். ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம்னு ஒரு கணக்கு உண்டு. நம்ம ஊர் சூட்டுக்கு ஒன்பது மாசத்துலயே பலகை இழைக்கிற பதத்துக்கு வந்துடுச்சு. இன்னைக்கு 10க்கு 8 அடியில கொட்டகை நிக்குது. கூலி, போல்ட்டு, பழைய ஓடு எல்லாம் சேத்து 24,000.

இனி அறிவாளிகளோட கேள்விகளுக்கு வருவோம்.

"கரையான் தின்னுடும்." எதைத் தின்னும்? வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையைத்தான் முதல்ல தின்னும். அதைச் சீவித் தள்ளிட்டு வைரத்தை எடுங்க. பூவரசு படகுக்கும் வண்டிக்கும் போட்ட மரம்யா! தென்னையில தலைகீழ், வெளிப்பக்கம்தான் கெட்டி, நடுவுல சோறு. தூணை மண்ணுல புதைக்காதீங்க, கருங்கல் மேல நிறுத்துங்க.

"இரும்புதான் உறுதி." எங்க? கோயம்புத்தூர்லயா? இது உப்புக்காத்து அடிக்கிற ஊரு. மரக்காணம் உப்பளத்துல போய்ப் பாருங்க, உப்பு வாரறது கழியில மாட்டின மரப்பலகையாலதான். அப்பாவோட தகர ஷெட்ல ஸ்க்ரூ அடிச்ச இடமெல்லாம் இப்பவே துரு. நான் எவர்சில்வர் போல்ட்டு போட்டதுக்கு அதான் காரணம்.

"இதெல்லாம் ஆரோவில் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு." இதுதான் எனக்குச் சுர்ருன்னு ஏறுற கேள்வி. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல ஆரோவில்ல அகேசியா மரங்க ஏராளமா சாஞ்சது. அந்த மரத்துல மேசை, நாற்காலி பண்றது அங்க ரொம்ப நாள் வழக்கம். ஆனா அவங்களா நமக்குச் சொல்லிக் குடுத்தாங்க? மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு பெரிய வாளால மரம் அறுத்தது யாரு? ஒரு ஆணி இல்லாம கட்டையைக் கயித்தால கட்டிக் கடலுக்குப் போனது யாரு? கட்டுமரம்ங்கிற வார்த்தையையே இங்கிலீஷ்காரனுக்குக் கடன் குடுத்துட்டு, இப்ப கட்டைன்னா என்னான்னு அவன்கிட்ட கேக்கணுமா?

"சட்டம் விடாது." இது மட்டும் நியாயமான கேள்வி. 2002 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்குல லைசென்ஸ் இல்லாத அறுவை மில்லையெல்லாம் மூடச் சொல்லுச்சு. காட்டைக் காப்பாத்த வந்த உத்தரவு, தப்பே இல்லை. அதனால கூலிக்கு அறுத்துத் தர்ற கடையைத் தொறந்துடாதீங்க. சந்தனம், ஈட்டி பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021லயே அரசு அறிவிச்சாச்சு. நான் பேசறது புயல் தள்ளின மரத்தைப் பத்தி மட்டும்தான். என்னைக் கேட்டா, கடலோரப் பஞ்சாயத்துங்களே முறைப்படி அனுமதி வாங்கி ஆளுக்கொரு அறுவை மெஷின் வெச்சுக்கணும். புயல் நமக்கு விருந்தாளி இல்லை, வருஷா வருஷம் எட்டிப்பாக்குற சொந்தக்காரன்.

காய்ஞ்ச மரத்தோட எடையில பாதி கார்பன். சூளையில போட்டா ஒரே நாள்ல புகை. கொட்டகையா நின்னா நம்ம பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.

இப்பல்லாம் மத்தியானத்துல ஆயா அந்தப் பூவரசுக் கொட்டகையிலதான் வந்து உக்காருது. போன வாரம் பலகையைத் தடவிப் பாத்துட்டு, "இது என் மரமாடா?"ன்னு கேட்டுச்சு. இல்ல ஆயான்னேன். அதுக்கப்புறம் அது ஒண்ணும் கேக்கலை.

பி.கு: கண்ணாடி, ஹெல்மெட், ஷூ இல்லாம செயின்சாவைத் தொடாதீங்க. நம்ம அண்ணன் ரப்பர் செருப்போட வந்து நின்னார். ஷூ வாங்கிக் குடுத்த பிறகுதான் மெஷினை ஸ்டார்ட் பண்ண விட்டேன்.