நம்ம மில்லு, அந்த மில்லு

எங்க பெரியப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் 19 வருஷம் வேலை பார்த்தவர். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் வானம் பார்த்தால்தான் பருத்தி. மில்லோ மழை பெய்யாவிட்டாலும் சம்பளம் தரும். அதனால் வீட்டில் யாரும் அதைக் குறை சொல்லிவிட முடியாது. "நம்ம மில்லு" என்றுதான் சொல்லுவார். ஆயுத பூஜைப் பொரியைக்கூட "நம்ம மில்லுப் பொரி" என்று கொடுப்பார்!

ஒருநாள் ஆட்குறைப்பு என்று கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அது "அந்த மில்லு".

அந்தக் கையெழுத்தின் விலை எனக்கு பி.காம். இரண்டாம் வருஷம்தான் புரிந்தது. அப்போது இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் தரணும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் தரணும். 19 வருஷத்துக்கு 285 நாள். தானாக ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. எவ்வளவு சுலபம் பாருங்கள்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று இன்னமும் அவரிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கர்ணனையும் இழுப்பார்கள். துரியோதனன் ஒருநாளும் கர்ணனைக் கூப்பிட்டு "செலவைக் குறைக்கிறோம், நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லவில்லையே! செஞ்சோற்றுக் கடன் என்றால் சோறு போட்டவனும் கடைசிவரை கூட நிற்கணும் இல்லையா?

பெரிய கம்பெனி என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரித் தகராறில் இந்த ஆலை மட்டும் சேராமல் போனது. நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. வேலை பார்த்தவர்கள் செய்த தப்பு என்ன? 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அதிலும் பெரும்பாலும் நடு, மேல் மட்டத்தில். அதாவது ரொம்ப வருஷம் இருந்தவர்கள்.

கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் ஆளைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் படிக்கும் கணக்கில் சம்பளம் செலவுப் பக்கம்தான், சொத்துப் பக்கம் இல்லை. சரி, அப்படியானால் "குடும்பம்" என்று பேசாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டம் வந்துவிட்டது. முன்பு 100 பேர் இருந்தாலே ஆட்குறைப்புக்கு ஆலை அரசிடம் அனுமதி வாங்கணும். இப்போது 300. எங்க ஊர்ப் பக்கத்துச் சின்ன மில்லுகள் எந்தப் பக்கம் விழும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா இப்போது வேறொரு மில்லில் கான்ட்ராக்ட் வேலை. "விசுவாசம் போச்சுல்ல, வேலையை எப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இழை அறுந்தா ஒட்டத்தானடா செய்யணும். பஞ்சு மேல எனக்கென்ன கோபம்?"

அடுத்த வாரம் எனக்கு கேம்பஸ் இன்டர்வியூ. இரண்டு வருஷம் போக மாட்டேன் என்று பாண்ட் எழுதித் தரணுமாம் (மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்களாம்). "அவங்க எத்தனை நாள் முன்னாடி சொல்லுவாங்கன்னு கேட்டுக்கோ" என்றார் பெரியப்பா.

கேட்கத்தான் போகிறேன். வேலை கிடைத்ததா இல்லையா என்று அப்புறம் சொல்கிறேன் :)