நம்மூர்க்காரர்

எனக்கு ஓட்டு இல்லாத ஒரு தேர்தலைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லத்தான் போகிறேன். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலாவது நாம் அனுப்பிய எம்.எல்.ஏ.க்களுக்குப் பங்கு உண்டு. உபஜனாதிபதி விஷயத்தில் அதுவும் கிடையாது. பார்லிமெண்டின் இரு சபை உறுப்பினர்கள் மட்டும் ரகசியமாக வாக்களிப்பார்கள். இருந்தும் 2025 ஆகஸ்டில் திருப்பூரில் இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் வாக்காளர்கள் ஆகிவிட்டோம். காரணம், அபேட்சகர் நம்மூர்க்காரர்.

ஜகதீப் தன்கர் ஜூலை 21-ல் ராஜினாமா செய்தார். ஆகஸ்ட் 17-ல் ஆளும் கூட்டணி சி.பி. ராதாகிருஷ்ணனின் பெயரை அறிவித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெரு பேக்கரியில் டீயும் கையுமாக இருந்தோம். "நம்மூர்க்காரருங்க!" என்று பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார் பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர் ஒருவர். எனக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன்? இந்த ஊரின் பெயரை உலகம் பனியன் கழுத்துப் பட்டியில்கூடப் படித்ததில்லை. அங்கே எவனோ ஒருவனுடைய பெயரைத்தான் நாம் தைத்து அனுப்புகிறோம். கோவைத் தொகுதியிலிருந்து 1998-லும் 1999-லும் லோக் சபைக்குப் போனவர். ஜார்க்கண்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் கவர்னர். கை கூப்பிச் சிரிக்கும் படம். ஒரு மனிதரைப் பிடித்துப் போவதற்கு இது போதும்.

ஆனால் மாஸ்டர் அடுத்து ஒன்று சொன்னார்: "இனி அமெரிக்காக்காரன் வரியைக் குறைச்சுப் போடுவானுங்க."

அந்த மாதம் ஏழாம் தேதிதான் அமெரிக்கா 25 சதவிகித வரியைப் போட்டிருந்தது. இருபத்தேழாம் தேதியிலிருந்து அது 50 ஆகும் என்று நாளும் குறித்துவிட்டது. மாஸ்டரின் கம்பெனியில் ஓவர்டைம் நின்று, வாரத்தில் நாலு நாள் வேலை என்றாகியிருந்தது. தவித்த வாய்க்குத் தண்ணீர் என்று எதையும் நம்பத் தோன்றும். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அப்படி நம்பட்டும் என்று விட்டுவிட்டு, பட்டாசுக் கட்டோடு வந்தவர்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்து எதிரணி பி. சுதர்சன் ரெட்டியை நிறுத்தியது. பேக்கரியில் அவருக்குக் கிடைத்த விமர்சனம் ஒரே வார்த்தை: "தெலுங்கருங்க." தீர்ந்தது! அவர் 2007 முதல் 2011 வரை சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்க ஆதிவாசி இளைஞர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சிறப்புப் போலீஸ் ஆக்கியது செல்லாது என்று 2011-ல் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர். அந்தத் தீர்ப்பைத் தவறு என்று உள்துறை மந்திரி அமித் ஷா சாடினார். சரி என்று சொன்னவர்களும் உண்டு. எனக்குச் சரி என்றே படுகிறது. சரியோ தவறோ, அது வாதம். "தெலுங்கர்" என்பது ஒரு வாதமா?

எதிரணி பரிசுத்தமானது என்று இதற்கு அர்த்தமில்லை. தெலுங்கர் ஒருவரை நிறுத்தினால் ஆந்திரக் கட்சிகளுக்குத் தர்மசங்கடம் என்ற கணக்கு அதில் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வரவேண்டாம். கணக்குப் பலிக்கவில்லை, தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் ராதாகிருஷ்ணன் பக்கமே நின்றன.

தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி பேதம் பாராமல் தமிழரை ஆதரிக்க வேண்டும் என்றார்கள் பா.ஜ.க.வினர். திருப்பூரின் எம்.பி. யார்? கம்யூனிஸ்டுக் கட்சியின் கே. சுப்பராயன். நாம்தான் 2019-லும் 2024-லும் அனுப்பினோம். கட்சிக் கொடியைக் காட்டி ஓட்டு வாங்கிப் போனவர், பிறந்த ஊரைப் பார்த்து ஓட்டைப் போட வேண்டுமாம்! சரி, இதையே தர்மம் என்று வைத்துக்கொள்வோம். 1987 ஜனாதிபதித் தேர்தலில் ராஜாமடத்து ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்றவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, அவரும் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர். 2002-ல் ராமேசுவரத்து அப்துல் கலாமை எதிர்த்து நின்ற லட்சுமி சாகல் சென்னையில் பிறந்தவர். அன்று தமிழன் என்ன செய்வான்? வாக்குச் சீட்டை இரண்டாகக் கிழித்துப் பெட்டிக்கு ஒரு பாதி போடுவானா?

உபஜனாதிபதியால் அமெரிக்காவிடம் வரி பேச முடியாது. நூல் விலையைத் தொட முடியாது. அவருக்கு உள்ள பெரிய வேலை ராஜ்ய சபைக்குத் தலைமை தாங்குவது. யார் பேசலாம், எதை விவாதிக்கலாம், யாரை உட்கார வைக்கலாம் என்பது அந்த நாற்காலியின் வார்த்தை. 2023 டிசம்பர் கூட்டத்தொடரில் இரு சபைகளிலுமாக 146 எம்.பி.க்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அதில் 46 பேர் ராஜ்ய சபையினர். 2024 டிசம்பரில் அந்தத் தலைவரையே நீக்கக் கோரி எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் கொடுத்தன. உபஜனாதிபதி ஒருவர் மீது அப்படி ஒரு நோட்டீஸ் அதற்கு முன் வந்ததே கிடையாது. அது நிராகரிக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டியிடும்போது, பேக்கரியிலாகட்டும் பத்திரிகையிலாகட்டும், முதலில் எழ வேண்டிய கேள்வி என்ன? திருப்பூரின் கஷ்டத்தைச் சொல்ல எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்தால், இவர் பேச விடுவாரா, அவர் பேச விடுவாரா? நம்மூர்க்காரர் பேச விடாமல், தெலுங்கர் பேச விட்டால் நமக்கு யார் வேண்டியவர்? இதை நான் அன்று கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் பேசாமல் வந்தவர்களில் நானும் ஒருவன்.

செப்டம்பர் 9-ல் ராதாகிருஷ்ணனுக்கு 452, சுதர்சன் ரெட்டிக்கு 300. செல்லாத ஓட்டு 15. (ஓட்டே இல்லாத நாங்கள் இங்கே தொண்டை வறளக் கத்துகிறோம், ஓட்டு உள்ள பதினைந்து பேருக்கு அதைப் போடத் தெரியவில்லை!) மறுநாள் பேக்கரியில் லட்டுக் கொடுத்தார்கள். செக்கிங்கில் வேலை பார்க்கும் ஜார்க்கண்டுப் பையன் ஒன்றை வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "எங்க கவர்னரு" என்றான்.

மாஸ்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, அந்த வரி எப்பங்க குறையும்?" என்றார்.

"அது அவர் வேலை இல்லீங்க."

அவர் கையிலிருந்த லட்டைப் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டு போகக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.