குட்டி யானையில் ஒரு குதிரை

தி.நகரில் ஒரு முகூர்த்த நாள் சாயங்காலம். கல்யாண மண்டப வாசலில் ஒரு குட்டி யானை வந்து நிற்கும். (வெளியூர்க்காரர்களுக்கு: குட்டி யானை என்றால் டாடா ஏஸ் என்கிற சின்ன லாரி.) அதற்குள் ஒரு வெள்ளைக் குதிரை, மாப்பிள்ளை அழைப்புக்காக. நாலு காலிலும் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். கூட்டத்தில் ஒரு மாமி, "பாரேன், காலுக்குக் கூட கட்டுப் போட்டு எவ்ளோ ஜாக்கிரதையா அழைச்சிண்டு வந்திருக்கா!" என்பார்.

மாமியைக் குறை சொல்ல முடியாது. கட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிரச்சினையே அதுதான். நம்மூர் நிலவரத்தில் அந்தக் கட்டு குதிரையின் காலைக் காப்பாற்றுவதை விட, குதிரையை ஏற்றி வந்தவர்களின் பெயரைத்தான் அதிகம் காப்பாற்றுகிறது.

குதிரையை வண்டியில் ஏற்றும்போது காலுக்குக் கட்டுப் போட வேண்டுமா, வேண்டாமா? குதிரை வளர்ப்பவர்களிடையே இது பழைய சண்டை. "கட்டாமல் ஏற்றுவது பாவம்" என்று ஒரு கட்சி. "கட்டினால்தான் வம்பு" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் காலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. கால் எதன் மேல் நிற்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

முதலில் கட்டச் சொல்பவர்களின் நியாயத்தைப் பார்த்துவிடுவோம். நியாயம் இருக்கிறது, நிறையவே.

குதிரையின் முன்னங்காலில் நாம் 'முட்டி' என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது நம் கையின் நடுவிரலுக்குச் சமம். அதாவது குதிரை நாலு நடுவிரல்களின் நகத்தின் மேல் நிற்கிற பிராணி! அந்த மணிக்கட்டுக்குக் கீழே சதைப்பிடிப்பே கிடையாது. எலும்பு, தசைநாண், அதன் மேல் தோல், அவ்வளவுதான். அடிபட்டால் தாங்கிக்கொள்ள மெத்தை இல்லை, புண் ஆறவும் நாளாகும். குளம்பு முளைக்கிற மேல் விளிம்பில் காயம் பட்டால் இன்னும் மோசம். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளராது. அங்கே விழுந்த ஒரு வெட்டு, குளம்பின் முன்பக்கமாக வளர்ந்து தரையைத் தொடவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். ஆழமான வெட்டு என்றால் ஆயுளுக்கும் விரிசல்தான்.

பனகல் பார்க் சிக்னலில் ஓட்டுநர் சடாரென்று பிரேக் போடுகிறார். குதிரையின் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் எப்போதுமே முன்னங்கால்களில்தான். அது தடுமாறி, பின்னங்கால் லாடத்தால் தன் முன்னங்காலையே மிதித்துக்கொள்ளும். கால் பக்கவாட்டுத் தகரத்தில் போய் இடிக்கும். அந்த நேரத்தில் நல்ல உறை ஒன்று காலில் இருந்தால் நல்லதுதான். மறுக்க முடியாது.

ஆனால் 'நல்ல உறை' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கல்யாணக் குதிரையின் காலில் இருப்பது பெரும்பாலும் அலங்காரத் துணி, அல்லது மருந்துக் கடையில் வாங்கிய எலாஸ்டிக் பேண்டேஜ். இதில் என்ன தப்பு?

1. உள்ளே பஞ்சு மெத்தை வைக்காமல் எலாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால் அழுத்தம் முழுக்கத் தசைநாண் மேல் விழும். அடியிலிருந்து காப்பாற்றப் போட்ட கட்டே வீக்கத்தைக் கொண்டுவரும்.

2. தளர்வாகச் சுற்றினால் வண்டி குலுங்குகிற குலுக்கலில் அவிழ்ந்து குளம்புக்கடியில் போகும். ஓடுகிற வண்டியில் தன் கால் துணியைத் தானே மிதித்துக்கொண்டு குதிரை தடுமாறினால், குனிந்து சரி பண்ணவும் உள்ளே இடம் கிடையாது.

3. வெயில். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. அந்த அளவு வேண்டாம், சாதாரண சித்திரை மாதத்து மத்தியானமே போதும். மூடிய துணிக்குள் சூடும் வியர்வையும் சேர்ந்து தோல் வெந்து போகும்.

4. பழக்கமில்லாத குதிரைக்குப் பின்னங்காலில் எதையாவது கட்டிப் பாருங்கள். காலை உதறும், உதைக்கும். லாயத்தில் உதைத்தால் சுவரோடு போச்சு. வண்டிக்குள் உதைத்தால்?

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார். "ரேஸ் குதிரைக்கெல்லாம் கட்டுறாங்களே சார்?"

கட்டுகிறார்கள். கிண்டியிலிருந்து ஊட்டி கோடை சீசனுக்குப் பல பத்தாண்டுகளாகக் குதிரைகள் மலைப்பாதையில் லாரி ஏறிப் போயிருக்கின்றன. (2024ல் கிண்டி, ஊட்டி இரண்டு இடத்து நிலங்களையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது தனிக் கதை.) ஆனால் ரேஸ் குதிரைக்குக் கட்டுப் போடுவது அன்றாட வேலை. போடுகிற கைக்கும் பழக்கம், போட்டுக்கொள்கிற காலுக்கும் பழக்கம். அதை நிறுத்தும் லாரியும் குதிரைக்காகவே செய்தது. அங்கே கட்டு என்பது நாலாவது, ஐந்தாவது பாதுகாப்பு. முதல் மூன்றையும் விட்டுவிட்டு அந்தக் கட்டை மட்டும் நகல் எடுத்து கல்யாணக் குதிரையின் காலில் சுற்றுவது, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பிரேக் இல்லாத பைக்கை ஓட்டுகிற மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978ல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வந்தன. அதில் குதிரைக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. பக்கவாட்டில் மெத்தை வைத்த வண்டி வேண்டும். சாதாரண லாரி என்றால் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் தடிமனுள்ள மூங்கில். பின்னால் விழாமலிருக்க இரண்டு குறுக்குக் கட்டை. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமலிருக்கத் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது.

இதை எழுதியவர்களுக்குக் குதிரையைத் தெரிந்திருக்கிறது. அவர்கள் பார்த்தது தரையை, சுவரை, வேகத்தை. குட்டி யானையின் தொட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடி அகலம். இதில் ஒரு குதிரை இடப்பக்கம் பார்த்துக் குறுக்கே எப்படி நிற்கும்? நீளவாக்கில் நிற்பதே இடிபாடு. கால்களை அகட்டி வைத்து நிலைகொள்ளத்தான் குதிரைக்குத் தெரியும். அகட்ட இடமில்லை, கீழே வழவழவென்று இரும்புத் தகடு. இதற்கு மேல் எத்தனை சுற்று துணி சுற்றி என்ன பயன்?

"இதெல்லாம் செலவு ஆகும் சார், குதிரைக்காரர் பாவம்" என்பது அடுத்த வாதம். குதிரைக்காரர் பாவம்தான், சந்தேகமே இல்லை. மெரினாவில் நாள் முழுக்க மணலில் நடந்து, சவாரிக்குச் சவாரி காசு பார்க்கிறவர்கள் அவர்கள். குதிரை நொண்டினால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் இந்தக் கேள்வி அவர்களிடம் கேட்க வேண்டியதே இல்லை. மண்டப வாடகை, மேடை அலங்காரம், செண்டை மேளம், ட்ரோன் கேமரா என்று லட்சக்கணக்கில் செலவு பண்ணுகிற கல்யாண வீட்டாரிடமும் காண்ட்ராக்டரிடமும் கேட்க வேண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுப் பணம் கொடுக்கிறவர்கள், குதிரைக்கு மட்டும் "எவ்வளவு கம்மியா முடியும்?" என்கிறார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறந்து, கடிவாளம் என்றால் வாயை மூடுகிற குதிரை பழமொழியில் மட்டும் இல்லை!

அப்படி ஒன்றும் பெரிய செலவும் கிடையாது. தரையில் தடித்த ரப்பர் பாய் அல்லது தேங்காய் நார்ப் பாய், மேலே வைக்கோல். ஏற்றி இறக்க வழுக்காத ஒரு சாய்வுப் பலகை. தலையை உயரத் தூக்கிக் கட்டாமல் கொஞ்சம் தாழ்த்த விடும் கயிறு. (தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் நின்றால் மூச்சுக்குழாயில் சேரும் சளி இறங்காது, நுரையீரல் வரைக்கும் கெடும்.) பெரிய வண்டி. திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு போகும்வரை யாரையும் முந்தாத ஓட்டுநர். இத்தனையும் இருந்து, கட்டத் தெரிந்த கையும் இருந்தால் தாராளமாகக் கட்டட்டும். இல்லையென்றால் வெறுங்காலே மேல்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து மயிலாப்பூர் மாட வீதி சுமார் இரண்டு கிலோமீட்டர். அதற்கு எதற்கு வண்டி? வெயில் தாழ்ந்த பிறகு அந்தக் குதிரையை அதன் ஆளோடு மெதுவாக நடக்க விடலாம். கச்சேரி ரோடு டிராஃபிக் தொல்லைதான். ஆனால் தன் காலில் நடக்கிற குதிரைக்கு அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியும். பிரேக் போட்ட வண்டிக்குள் நிற்கிற குதிரைக்கு அது தெரியாது.

பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாக வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் வருடக் கடைசியில் நூறு கூட மிஞ்சாததையும் மார்க்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பொன் கொடுத்து வாங்கத் தெரிந்தது, காப்பாற்றத் தெரியவில்லை. அது 13ஆம் நூற்றாண்டு. இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது. 1903ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இதே ஊரில் வேப்பேரியில் இருக்கிறது. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டப வாசலில் குதிரை வந்து இறங்கும்போது சிவப்புத் துணியைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்டிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். பாய் இருக்கிறதா, வெறும் தகடா? மாப்பிள்ளை ஏறுவதற்கு முன்னால் பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டால், அடுத்த கல்யாணத்துக்கு அந்த வண்டியில் பாய் இருக்கும்.